கப்பல்துறையில் எழுந்த கால்பந்து அரங்கம்

லிவர்பூல் என்றதும் நம்மில் பலருக்குச் சிவப்புச் சட்டை அணிதான் நினைவுக்கு வரும். அதே ஊரில் நீலச் சட்டை அணி ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் எவர்ட்டன். 1892-ல் திறந்த குடிசன் பார்க் மைதானத்தைவிட்டு, 2025-ல் மெர்சி ஆற்றங்கரையில் புது அரங்கத்துக்குக் குடிபெயர்ந்த அணி அது.

பழைய மைதானத்தைச் சுற்றித் தெருக்களும் வரிசை வீடுகளும், ஒரு மூலையில் தேவாலயமும் இருக்கின்றன. 1966 உலகக் கோப்பை அரையிறுதி ஒன்று அங்கேதான் நடந்தது. ஆனால் 39,000 பேருக்குச் சற்று அதிகமானவர்களுக்குத்தான் அங்கே இடம் இருந்தது. கூரையைத் தாங்கும் தூண்கள் வேறு பல இருக்கைகளிலிருந்து ஆட்டத்தை மறைத்தன. நினைத்தாலும் விரிவாக்க வழியில்லை. வேறு இடங்களுக்குப் போட்ட திட்டங்களும் கைகூடவில்லை. கடைசியில் அமைந்தது பிராம்லி-மூர் என்ற கப்பல்துறை. அது 1848-ல் திறக்கப்பட்டது.

தண்ணீர் நிற்கும் துறையில் அரங்கம் கட்டுவது எப்படி? முதலில் உள்ளே இருந்த மீன்களைப் பிடித்து வேறு நீரில் விட்டார்கள். பிறகு ஐரிஷ் கடலின் அடியிலிருந்து மணலை அள்ளிவந்த கப்பல், அதை நீரோடு கலந்து குழாய் வழியே துறைக்குள் செலுத்தியது. ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர்! பழைய கற்சுவர்களை இடிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீர்விசைக் கோபுரமும் அப்படியே நிற்கிறது. இவ்வளவு கவனம் எடுத்தும், 2021-ல் யுனெஸ்கோ லிவர்பூலை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது. சொன்ன காரணங்களில் இந்த அரங்கமும் ஒன்று. ஆள் அரவமற்றுக் கிடந்த துறைக்கு மக்களைக் கொண்டுவந்ததைக் குற்றம் என்று என்னால் கருத முடியவில்லை.

வேலை நடந்த காலத்தில் அணியின் நிதிநிலை மோசமாக இருந்தது. லீக் அனுமதித்த நட்ட வரம்பை மீறியதற்காக 2023-24 பருவத்தில் புள்ளிகள் பறிபோயின. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 2023 ஆகஸ்டில் கட்டுமானத் தளத்தில் ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார். அரங்கத்தைப் புகழும்போது அவரை மறக்கக் கூடாது.

புது அரங்கம் ஆட்டங்களுக்குத்தான்; பயிற்சிக்கு 2007 முதல் ஃபிஞ்ச் ஃபார்ம் என்ற தனி வளாகம் இருக்கிறது. முதல் அணியும் இளையோர் அணிகளும் அங்கே ஒரே இடத்தில் பயில்கின்றன. நாளை ஆடப்போகிற சிறுவன் இன்று ஆடுகிறவரைத் தினமும் அருகிலிருந்து பார்க்கலாம்.

ஏறத்தாழ 53,000 பேர் அமரும் புது அரங்கத்தில் முதல் லீக் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 24 அன்று நடந்தது. குடிசன் பார்க் திறந்ததும் ஓர் ஆகஸ்ட் 24-ல்தான். பிரைட்டனை 2-0 என்று வென்றார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு பழைய மைதானத்தைப் பற்றியது. அதை இடித்துவிட்டு வீடுகளும் பொது வசதிகளும் கட்டுவதாகத்தான் முதலில் திட்டம். ஆனால் அந்தப் புல்தரையின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான ரசிகர்களின் அஸ்தி புதைந்திருக்கிறது. குடும்பத்தாரே கொண்டுவந்து வைத்தது. புல்டோசர் வரவில்லை. சுமார் 2,200 பேர் மட்டுமே பார்க்கக்கூடிய சிறு மைதானத்தில் ஆடிவந்த எவர்ட்டன் பெண்கள் அணி, 2025 செப்டம்பர் முதல் குடிசன் பார்க்கைத் தன் சொந்த மைதானமாக்கிக்கொண்டு ஆடிவருகிறது.