நோயும் கடனும்

மாணவச் செல்வங்களே,

யான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில், வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயர் திடீரென நீங்கியபோதெல்லாம் காரணம் வினவுவேன். தந்தையார் பக்கவாதத்தால் வீழ்ந்தார், வட்டிக்குக் கடன் வாங்கினோம், மூத்த பிள்ளை வேலைக்குப் போகிறான் என்பதே பலமுறை கிடைத்த விடை.

இன்று வழியுண்டு. முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, உடனே 108-ஐ அழையுங்கள். ஊர்தி கட்டணமின்றி வரும். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும். தமிழ்நாட்டில் 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பங்களின் சிகிச்சைச் செலவை வரம்புக்குட்பட்டு ஏற்கிறது. அதன் அட்டையை, வீட்டில் எல்லாரும் நலமாயிருக்கும்போதே பெற்று வையுங்கள்.

கடன் பத்திரத்தில் பெற்றோர் கையொப்பமிடுமுன் அதனைப் படித்துப் பொருள் சொல்ல வல்லவர் நீங்களே. அக்கல்வியை இடையில் நிறுத்தி எந்தக் கடனையும் அடைக்க முற்படாதீர்கள். ஆசிரியரிடம் கூசாது சொல்லுங்கள்.