நலிந்தோருக்கு உதவும் முறை

(சின்னமனூரில் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே செய்த பிரசங்கம்)



தமிழ்நாட்டில் கிராம நாணயச் சங்கம் முதன்முதலாக 1904-ஆம் ஆண்டில் திரூரில் ஏற்பட்டது. அத்தகைய சங்கங்களுக்கு ஜெர்மனி தேசத்து ரெய்பெய்ஸன் வகுத்த கொள்கையே அடிப்படை. ஒருவரையொருவர் அறிந்த அயலாரே சங்கமாகச் சேரவேண்டும். ஈடு வைக்கச் சொத்தில்லாதவனுக்கும் அவனுடைய நாணயத்தையும் உழைப்பையும் நம்பிக் கடன் கொடுக்கவேண்டும் என்பதே அக்கொள்கை. அதாவது, ஒருவனிடம் இல்லாததை எண்ணாமல் உள்ளதை எண்ணுவது.

கடனுக்கு நாம் கைக்கொள்ளும் இம்முறையை, கைகால் வழங்காதோர், மனநோயால் வருந்துவோர், துணையற்ற முதியோர், ஆதரவிழந்த குடும்பங்கள் ஆகியோர் விஷயத்தில் கைக்கொள்ளுகிறோமா? இல்லை. "பாவம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

நம் மலைத்தொடரின் அடிவாரத்திலேயே, தெற்கே தென்காசிக்கு அருகில் ஆய்க்குடி என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரினரான எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் பொறியியல் மாணவராயிருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரிகள் தேர்வில் கீழே விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப்போயிற்று. ஆனால் அறிவும் உறுதியும் குன்றவில்லை. 1981-இல் அவர் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அச்சங்கத்தின் ஊழியர்கள் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளைப் பார்க்கிறார்கள். இக்குழந்தை எதைச் செய்கிறது, அடுத்து எதைச் செய்யக்கூடும் என்று கண்டு, அதற்கேற்ற பயிற்சியைத் தாய்க்கும் கற்பிக்கிறார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி ஏற்பாடு. 2020-இல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

நாம் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, வீட்டு வாசலுக்குச் செல்லவேண்டும். வெட்கத்தால் பிள்ளையை உள்ளறையில் வைத்திருக்கும் குடும்பம் நம் அலுவலகத்தைத் தேடி வராது.

இரண்டாவது, சம்பந்தப்பட்டவரையே கேட்கவேண்டும். "உமக்கு என்ன வரும்? என்ன செய்ய ஆசை?" என்று கேளுங்கள். நடக்கமாட்டாத ஒரு பெண் கணக்கெழுத வல்லவளாயிருக்கலாம். காது கேளாத வாலிபன் வெற்றிலையைக் கண்ணால் பார்த்தே தரம் பிரிக்கக்கூடும்.

மூன்றாவது, ஒருவருக்குச் செய்த ஏற்பாட்டையே எல்லோருக்கும் செய்யலாகாது. ஒருவருக்குத் தையல் இயந்திரம் வேண்டும். மற்றொருவருக்கு ஆஸ்பத்திரிக்கு உடன்செல்ல ஆள் வேண்டும். வேறொருவருக்கு மாலையில் பேச்சுத்துணையே போதும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஒருவருக்குத் திறமையுண்டு என்பதைக் காரணமாகக் காட்டி, அவருக்குச் சேரவேண்டிய உதவித்தொகையை மறுப்பது அநியாயம். அது அவருடைய உரிமை. அந்த மனுவை எழுதிக் கொடுப்பதும் நம் கடமையே.

உங்கள் கொடிக்கால்களை நினைத்துப் பாருங்கள். அகத்தியை வளர்த்து அதில் வெற்றிலைக் கொடியைக் கட்டுகிறீர்கள். கட்டை இறுக்கினால் கொடி நைந்துவிடும். கட்டாமல் விட்டால் தரையில் கிடந்து அழுகும். அகத்தி தாங்குகிறதேயன்றி, ஏறுவது கொடிதான்.

ஆகவே, அடுத்த கூட்டத்துக்கு வரும்பொழுது ஒவ்வொரு அங்கத்தினரும் தம் தெருவிலுள்ள ஒருவரைக் கண்டு பேசி, அவர் செய்ய வல்லது இன்னது, அவருக்கு வேண்டியது இன்னது என்று அறிந்து வரும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். அவருக்குச் சம்மதமானால் அவரையும் உடன் அழைத்து வாருங்கள். அவரைப்பற்றிய பேச்சில் அவர் குரலும் இருக்கட்டும்.