பேர் மாறினால் என்ன?

நடுவர் அவர்களே! பழைய சிலைகளைக் காப்பது சட்டம்தான் என்றார் எதிரணி நண்பர். சட்டம் வர்றதுக்கு முன்னாடி யாருங்க காப்பாத்தினது?

சேலம் மாவட்டம் பெரியேரியிலே சின்னதா ஒரு தலைவெட்டி முனியப்பன் கோயில். உள்ளே தாமரைப் பீடத்தில், மடியில் கை வைத்துத் தியானத்தில் அமர்ந்த சிலை. ஆராய்ந்த தொல்லியல் துறை 'புத்தர்' என்றது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்று, துறையிடம் ஒப்படைக்கச் சொன்னது. தீர்ப்பை நான் மறுக்கவில்லை. ஆனா, துண்டான தலையை ஒட்டவெச்சு, முனியப்பான்னு கும்பிட்டு, அதுவரைக்கும் பாத்துக்கிட்டது பக்திதானே?

எங்க ஆத்தாகிட்டே சொன்னேன். சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க: "பேரைத் தப்பாச் சொன்னோம், சரிடா. பிள்ளையைக் கைவிட்டோமா?"

(கைதட்டல்)

காத்தது பக்தியே!