மந்திரமும் யந்திரமும்

மேசையொன்றைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பேசுவர். ஐயம் நேருமிடத்துப் பகடையே தீர்ப்புக் கூறும். அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விதிநூலோடு பரவத் தொடங்கிய விளையாட்டு இது. இன்று இதற்கென விதிநூல்கள் பல உள.

மந்திரவாதியும் பொறிவல்லானும் ஒரே வீதியில் நடமாடும் கதையொன்றை மாதக்கணக்கில் தொடர்ந்து ஆட விழைவோர், அவற்றுள் எதனைத் தெரிந்தெடுப்பது? எந்நூலில் மந்திரங்கள் மிகுதி, எந்நூலில் துப்பாக்கிகள் மிகுதி என்று எண்ணிப் பார்ப்பவர் பலர். கேட்கவேண்டிய வினா அதுவன்று. அக்கதையில் மந்திரத்துக்கும் யந்திரத்துக்கும் உள்ள உறவு யாது என்பதே முதல் வினா.

அவ்வுறவு பகையாகலாம். 1989இல் வெளிவந்த 'ஷடோரன்' அத்தகையது. அங்கு மனிதருக்கு உயிர்ச்சாரம் 6 அலகு. யந்திரக் கண்ணோ உலோகக் கையோ பொருத்துந்தோறும் அது குறையும். அதனோடு மந்திர ஆற்றலும் குன்றும். ஒரு வல்லமையைப் பெற மற்றொன்றை இழக்கும் துயரமே அக்கதைக்கு உயிர். ஆயின் விதிகள் பல, புதியவர் திகைப்பர்.

அவ்வுறவு ஏவலாகலாம். கீத் பேக்கர் படைத்து 2004இல் வெளியான 'எபரோன்' உலகில், யந்திரம் செய்யும் தொழிலை மந்திரமே செய்கின்றது. கட்டுண்ட பூதங்களின் வலியால் மின்னல் இரயிலும் ஆகாயக் கப்பலும் ஓடுகின்றன. முன்னர்க் கூறிய முதல் விளையாட்டின் விதிகளை அறிந்தோர்க்கு இது எளிது. இரண்டும் மோதக் காண விரும்புவோர்க்கோ இது ஏமாற்றமளிக்கும்.

இரண்டும் ஒன்றேயாகவும் இருக்கலாம். 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், மிக உயர்ந்த தொழில்நுட்பம் காண்போர்க்கு மந்திரமாகவே தோன்றும் என்ற கருத்தை நிலைநாட்டினார். மான்டி குக் 2013இல் வெளியிட்ட 'நூமனேரா' அக்கருத்தின்மீது எழுந்தது. நூறு கோடி ஆண்டுகளுக்குப் பின்வரும் மக்கள், முன்னோர் விட்டுச்சென்ற கருவிகளை மாயமென்றே கருதுகின்றனர். அவற்றுட் பல ஒருமுறை பயன்பட்டதும் தீர்ந்துபோவன. ஆதலின் வியப்பு குன்றுவதில்லை.

இவ்வுறவைத் தாமே வகுக்க விரும்புவோர்க்கு, ஸ்டீவ் ஜாக்சனின் 'கர்ப்ஸ்' 1986 முதல் உண்டு. மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை பாத்திரத்தின் திறனளவை மிஞ்சாதிருப்பின் வெற்றி. திறன் 10 ஆயின் வெற்றி வாய்ப்புச் சரிபாதி. 14 ஆயின் பத்தில் ஒன்பது. எக்காலத்துக் கருவிகளுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கும் சுமை முழுவதும் கதை நடத்துபவர் தலைமேல் விழும்.

இவற்றுள் எது சிறந்ததெனப் பொதுவிற் கூற இயலாது. மேசையைச் சுற்றியிருப்போரின் விருப்பமும் விதியும் முரண்பட்டால், எத்துணை நல்ல நூலாயினும் கதை இடைநடுவில் முறியும், கூடியவர் கலைவர். ஆதலின் பணஞ் செலவிடுமுன் அனைவரும் ஒரு வினாவுக்கு விடை காண்பது நன்று: மந்திரவாதி ஒருவன் தன் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டால், அவன் மந்திரம் என்னாகும்? குறையுமெனின் ஒரு நூல். அக்கையே மந்திரத்தால் இயங்குமெனின் வேறொரு நூல். இரண்டுக்கும் வேறுபாடே தெரியாதெனின் மற்றொரு நூல். விடையில் ஒருமித்தபின், ஒரு மாலைப்பொழுது மட்டும் அதனை ஆடிப் பார்த்துவிட்டு நெடுங்கதையைத் தொடங்குவதே அறிவுடைமை.