இரு கண்ணும் ஒன்றாய்ப் பார்க்க
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

கல்வியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். நாம் கண்ணைப் பற்றிப் பேச விழைகிறோம்.

அதற்குக் காரணம் உண்டு. நாம் பட்டதாரி ஆசிரியராயிருந்த நாளில், ஒரு பள்ளியில் மாணவர் உடல்நல அட்டைகளை ஒரே பிற்பகலில் நிரப்பித் தர வேண்டியிருந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இரு கண்களும் திறந்திருக்கவே கரும்பலகையைப் படிக்கச் சொன்னோம். படித்தோர்க்கெல்லாம் 'பார்வை நன்று' என்றெழுதினோம். அவர்களுள் நம் தெருப் பையன் ஒருவனும் இருந்தான். பின்னாளில் அவன் காவலர் பணிக்கான எழுத்துத் தேர்விலும், ஓட்டத்திலும், கயிறு ஏறுதலிலும் தேறினான். மருத்துவச் சோதனையில் வலக்கண்ணை மூடச் சொன்னதும், இடக்கண்ணுக்கு மேல்வரிப் பெரிய எழுத்தே புலப்படவில்லை. அன்று மாலை நம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, "ஒரு கண்ணு தெரியலங்கிறதே எனக்கு இன்னிக்குத்தான் சார் தெரியும்" என்றான். நாம் மறுமொழி கூறவில்லை. அந்த அட்டையிலிருந்த கையொப்பம் நம்முடையது.

இக்குறையை மருத்துவர்கள் ஆம்ப்ளியோபியா என்பர். மக்கள் வழக்கில் சோம்பேறிக் கண். குழந்தையின் மூளை, பார்ப்பதையும் கற்றே அறிகிறது. ஒரு கண் மாறுகண்ணாக விலகியிருந்தாலோ, இரு கண்களின் பவரும் பெரிதும் வேறுபட்டாலோ, தெளிவற்ற கண் அனுப்பும் செய்தியை மூளை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண் கற்காமலே நின்றுவிடும். கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைக்கு என்ன நேரும் என்பதை இச்சபைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இக்கண்ணை மீட்கவும், இரு கண்களையும் இணைந்து இயங்கப் பழக்கவும் ஆர்த்தாப்டிக்ஸ் என்றொரு பிரிவு கண் மருத்துவத்தில் உண்டு. முதலில் தக்க கண்ணாடி அணிவிப்பர். பிறகு நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடி, சோம்பிய கண்ணை வேலை வாங்குவர். நடுத்தரக் குறைபாட்டிற்கு நாளைக்கு 2 மணி நேரம் மூடுவதே 6 மணி நேரம் மூடுவதற்கு ஈடான பயன் தந்தது என 2003இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஏழு வயதுக்குள் தொடங்குவது மிக நன்று. ஆயினும் 7 முதல் 12 வயதினர் பலரும், அதற்கு மூத்தோர் சிலரும் தேறியதை 2005ஆம் ஆண்டின் ஆய்வு காட்டிற்று. எனவே 'வயது கடந்துவிட்டது' என்று பெற்றோர் தாமே தீர்ப்பெழுத வேண்டா.

மருந்தைவிடக் கடினமானது ஊர் வாய். கண்ணை மூடிச் செல்லும் பிள்ளையைக் கேலி செய்தால் அது ஒட்டைப் பிய்த்தெறிந்துவிடும். மருத்துவர் இசைந்தால் மாலையில் வீட்டிலேயே மூடலாம். அந்நேரத்தில் பிள்ளை பூத்தொடுக்கட்டும், பல்லாங்குழி ஆடட்டும், வீட்டுப்பாடம் எழுதட்டும். 'ஒன்றரைக் கண்' என்று விளிக்கும் வழக்கம் நம் இளைஞர்களிடமும் உண்டு. அதை இம்மேடையிலேயே கண்டிக்கிறோம்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்பது வெறும் பேச்சு. நான்கு மாதத்திற்குப் பின்னும் குழந்தையின் கண் விலகி நின்றால் காட்டியே ஆக வேண்டும். சிலருக்குக் கண்ணாடியே போதும்; சிலருக்கு அறுவை வேண்டும். அரிதாகக் கண்ணினுள் வளரும் புற்றுநோயும் இவ்வாறே தலைகாட்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். திடீரென ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால் அன்றே மருத்துவமனை செல்லுங்கள். சர்க்கரை நோயோ, இரத்த அழுத்தமோ, மூளை நரம்புக் கேடோ காரணமாயிருக்கலாம். தேர்வுக்குப் படிக்கையில் எழுத்து மிதந்து தலைவலி வரும் இளைஞர்களுள் சிலருக்குக் கண்களைக் குவிக்கும் பயிற்சியே நலம் தரும். 1819இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும், 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் நாம் அறிந்த இடங்களே.

நம் சங்கத்தின் மாலை வகுப்பறை இருபது அடிக்கு மேல் நீளமுடையது. பார்வை அட்டை மாட்ட அது போதும். வருகின்ற ஞாயிறு முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்போம். விரலால் மூடவிட்டால் பிள்ளைகள் இடுக்கில் பார்த்துவிடுவர். உள்ளங்கையால் மூட வேண்டும். நாம் சொன்ன அந்தப் பையனுக்கு இப்பொழுது ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். முதலில் அவளை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான்.