வாதிட்ட பெண்ணின் அத்தியாயம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டுவிட்டது. தண்ணீர்த் தொட்டிச் செலவு பற்றிய விவாதமும் ஒருவாறு ஓய்ந்துவிட்டது. எனக்குத் தரப்பட்ட நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் பேச விரும்புகிறேன்.

திருக்குர்ஆனின் ஐம்பத்தெட்டாவது அத்தியாயத்திற்கு ‘அல்முஜாதிலா’ என்று பெயர். வாதிடுகின்ற பெண் என்பது அதன் பொருள். அந்தப் பெண்மணி கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) அவர்கள். முதுமையடைந்த கணவர் அவ்ஸ் (ரலி) அவர்கள் கோபத்தில், “நீ எனக்கு என் தாயைப் போன்றவள்” என்ற கருத்தில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். அறியாமைக் காலத்தில் அச்சொல்லுக்கு ஆளான பெண் மனைவியும் அல்லள், விடுதலை பெற்றவளும் அல்லள். கவ்லா (ரலி) அழுதுகொண்டு வீட்டில் அமர்ந்துவிடவில்லை. நேராக அண்ணலாரிடம் வந்து வழக்குரைத்தார்கள். ஒருமுறை அன்று, மீண்டும் மீண்டும். அதே வீட்டின் ஒரு மூலையில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அப்பேச்சில் சில பகுதி செவியில் விழவில்லை என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அத்துணை மெல்லிய குரல்! அக்குரல் கேட்கப்பட்டது என்று அறிவித்தே அந்த அத்தியாயம் தொடங்குகிறது. அச்சொல்லைச் சொன்ன கணவர்களுக்குப் பரிகாரமும் அங்கேயே விதிக்கப்பட்டது. ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். இயலாவிடில் இரண்டு மாதத் தொடர் நோன்பு, அதற்கும் இயலாவிடில் அறுபது ஏழைகளுக்கு உணவு.

பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்களை இதே மூதாட்டி வழியில் நிறுத்தி நெடுநேரம் பேசியதாகவும், அவர்கள் நின்று கேட்டதாகவும் அறிவிப்பு உண்டு. மஹர் தொகைக்கு வரம்பு கட்ட முனைந்த அதே கலீஃபாவை ஒரு பெண் எழுந்து மறுத்த சம்பவத்தை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு உண்டு என்பதை ஓதியவர்கள் அறிவார்கள். ஆகையால் நான் அதைச் சான்றாக வைக்கவில்லை. புகாரியில் உள்ளதே போதும். தந்தை தன் விருப்பமின்றி மணம் முடித்து வைத்ததாகக் கன்ஸா (ரலி) முறையிட, அண்ணலார் அந்த மணத்தையே செல்லாது என்றார்கள். விடுதலை பெற்ற அடிமைப் பெண் பரீரா (ரலி) அவர்களிடம் அழுதுகொண்டிருந்த கணவருக்காக அண்ணலாரே பரிந்து பேசினார்கள். இது கட்டளையா, பரிந்துரையா என்று அப்பெண் கேட்டார். பரிந்துரைதான் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டார். அதற்காக அவர் மீது யாரும் குறை சொல்லவில்லை.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஓதி முடித்த புதிதில், வேறோர் ஊரில் பணியாற்றினேன். ஒரு தலாக் வழக்கு வந்தது. மணமகன் தரப்பில் ஐந்து பேர் அமர்ந்தனர். பெண்ணின் தந்தை மட்டும் கதவோரம் அமர்ந்தார். அந்தப் பெண் கைக்குழந்தையோடு தெருவில் நின்றார். அரைமணி நேரத்தில் பேசி முடித்தோம். “இரு தரப்பும் சம்மதம்” என்று தப்தரில் எழுதியவன் நான். வெளியே வந்தபோதுதான் அவர் கையில் ஒரு மஞ்சள் பை இருந்ததைக் கண்டேன். அதில் இருந்தவை அடகுக் கடை ரசீதுகள். அவருடைய நகை முழுவதையும் கணவர் ஒவ்வொன்றாக அடகு வைத்திருந்தார். தந்தைக்குச் சபையில் அதைச் சொல்ல வெட்கம். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வாய் இருந்தது. உள்ளே வர வழி இல்லை. அந்த ரசீதுகளை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. முஜாதிலா அத்தியாயத்தை மனனமாக ஓதக் கூடியவன்தான் நான்.

இந்தக் குறையை நம் தமிழகத்தில் உரக்கச் சொன்னவர் புதுக்கோட்டையைச் சேர்ந்த ஷரீஃபா கானம். 1980களின் இறுதியில் பாட்னாவில் நடந்த ஒரு பெண்கள் மாநாட்டிற்கு மொழிபெயர்க்கச் சென்றவர், அங்கே கேட்டவற்றைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார். ஊர் ஜமாஅத்துகளில் பெண்ணின் வழக்கு பெண் இல்லாமலே முடிக்கப்படுகிறது என்று கண்டு, 2000களின் தொடக்கத்தில் முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை அமைத்தார். பெண்களே கூடி, பெண்களின் முறையீட்டைக் கேட்டு, கணவரையும் ஊர் ஜமாஅத்தையும் அழைத்துப் பேசும் அமைப்பு அது. அதைப் பற்றித் தீபா தன்ராஜ் 2011ல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். பெண்களுக்கென்று தனிப் பள்ளிவாசல் கட்ட வேண்டும் என்ற அவருடைய திட்டத்தை உலமாக்கள் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் தனி இடம் தேடிப் போகும் நிலையை உண்டாக்கியவர் யார்? அந்தக் கேள்வி நம் வாசலில்தான் நிற்கிறது.

இத்தகைய குரல்கள் நமக்குப் புதியவையும் அல்ல. நாகூர் சித்தி ஜுனைதா பேகம், பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு முடிந்தவர், 1938ல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். உ.வே.சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். துவரங்குறிச்சியில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டு, வீட்டாருக்குத் தெரியாமல் எழுதிய கவிஞர் சல்மா, 2001ல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானார். 2025ல் மாநிலங்களவைக்குச் சென்றார். அவர் எழுத்தில் எனக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு. ஆயினும் ஒரு பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தினால் அவளுடைய கேள்விகளும் நின்றுவிடும் என்று எண்ணுவோருக்கு அவர் வாழ்க்கை நல்ல பதில்.

நாம் கேட்கத் தவறியதை நீதிமன்றம் கேட்டது. வக்ஃபு வாரியத்தின் முன்னாள் தலைவர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜிகள் தரும் தலாக் சான்று வெறும் கருத்தே, சட்டத்தின் முன் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் கூறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஷரீஅத்தில் பிறர் தலையிடுகின்றனர் என்று நாம் கூட்டம் போட்டோம். ஷாயிரா பானு என்ற பெண்மணி உத்தராகண்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை நடந்ததற்கு முன், அவர் சொல்வதைக் கேட்கும் ஒரு சபை நம்மவரிடம் இருந்திருந்தால் என்று அக்கூட்டங்களில் ஒருவரும் பேசவில்லை.

நம் மாவட்டத்தையே பாருங்கள். பரந்தூர் விமான நிலையத் திட்டத்தில் தம் நிலமும் ஏரியும் போய்விடும் என்று ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடினார்கள். திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே என் பேச்சன்று. இரவுதோறும் கூடியவர்களில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். கிராம சபையில் எழுந்து பேசினார்கள், தீர்மானம் போட்டார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர் என்பது சட்டம். நம் சந்தாப் புத்தகத்தைப் புரட்டினேன். மாதந்தவறாமல் சந்தா செலுத்தும் விதவைகளின் பெயர் அதில் இல்லை; “மர்ஹூம் இன்னார் வீடு” என்றே இருக்கிறது. அவர்களில் சிலர் பட்டு இழை சுற்றிய கூலியில் அந்தச் சந்தாவைக் கட்டுகிறார்கள்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். கைக்கூலி வாங்க மாட்டேன், மஹர் கொடுத்தே மணப்பேன் என்று ஒரு தலைமுறைக்கு முன் உரக்கச் சொன்னவர்கள் உங்கள் வயதுப் பிள்ளைகள்தாம். தாயின் கண்ணீரையும் மாமனின் ஏச்சையும் தாங்கிச் சொன்னார்கள். அன்று அவர்களைக் குழப்பவாதிகள் என்றவர்களில் சிலர் இன்று அதே செய்தியை நிக்காஹ் மேடையில் பேசுகிறார்கள். பின்வரிசையில் முணுமுணுப்பதை எழுந்து நின்று சொல்லுங்கள். பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொண்டும் கேட்பார்கள்.

நிர்வாகத்திடம் நான் எழுத்து மூலம் கொடுத்திருப்பது இதுதான். பிணக்கு வந்தால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைக்குமாறு குர்ஆன் கூறுகிறது, அதன்படி வைப்போம். மேல்மாடி அறைக்குப் பக்கத்துச் சந்திலிருந்து தனிப்படி இருக்கிறது. பெண், தன் தாயோடோ சகோதரியோடோ அவ்வழியே வந்து, திரைக்கு அப்பாலிருந்து தன் வழக்கைத் தானே சொல்லட்டும். கல்லூரியில் படிக்கும் நம் பெண் பிள்ளைகள் இருவர் உடனிருந்து அதை எழுதட்டும். சந்தாப் புத்தகத்தில் விதவைகளின் பெயர் அவரவர் பெயராகவே ஏறட்டும்.

நிர்வாகம் இதை ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் பொறுப்பு. தப்தர் என் பொறுப்பில் இருக்கிறது. சம்பந்தப்பட்ட பெண் சொன்னதை எழுதி, அதன் கீழ் அவருடைய கையெழுத்து வரும் வரை, அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து வராது.