நரி எண்ணிய நாட்களும் நாம் எண்ண வேண்டிய நாட்களும்

(விருத்தாசலத்தில் நடைபெற்ற விழாவில் ஆற்றிய உரை)



வாழ்வைப் பொருளுடையதாக்குவது எது என்னும் வினாவைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். முனிவர்களும் புலவர்களும் ஆராய்ந்த வினா இது. அவர்கள் கூறியவற்றைத் திரும்பக் கூறுவதினும், ஒரு மனிதரின் வாழ்வை எடுத்துக்கொண்டு அதனிடம் இவ்வினாவைக் கேட்பது பயனுடையது எனக் கருதுகிறேன். நான் எடுத்துக்கொள்ளும் மனிதர் அரசரல்லர், தலைவரல்லர். குழந்தைகளுக்குக் கதை எழுதியவர்.

புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளத்தில் 1925ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிறந்தவர் கிருஷ்ணமூர்த்தி. பெரியவர்களுக்காகக் 'கௌசிகன்' என்ற பெயரிலும், சிறுவர்களுக்காக 'வாண்டுமாமா' என்ற பெயரிலும் எழுதினார். கல்கி நிறுவனத்தில் பணியாற்றினார். 1972இல் தொடங்கிய 'கோகுலம்' இதழுக்காக உழைத்தார். பின்னர் 1984இல் வெளிவரத் தொடங்கிய 'பூந்தளிர்' இதழின் ஆசிரியரானார். மாயக் கதை, வீரக் கதை, சித்திரக் கதை, அறிவியல் செய்தி, புதிர் எனக் குழந்தையின் உள்ளம் விரும்பும் அனைத்தையும் எழுதினார். அவர் இயற்றிய நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. 2014ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள், தம் 89ஆம் அகவையில் மறைந்தார்.

இவ்வாழ்வை உலகியல் அளவுகோலால் அளந்து பார்ப்போம். சாகித்திய அகாதெமி 1955 முதல் இலக்கியப் பரிசு வழங்கிவருகிறது. சிறுவர் இலக்கியத்திற்கெனத் தனிப் பரிசை அது ஏற்படுத்தியது 2010ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலம் ஐம்பத்தைந்து ஆண்டுகள். அப்பரிசு பிறந்தபோது வாண்டுமாமாவுக்கு வயது எண்பத்தைந்து. குழந்தைகளுக்காக எழுதுவது இலக்கியத்தின் திண்ணையில் அமர்வது போன்றது. கூடத்திற்குள் அழைப்பார் எவருமிலர் என்ற நிலையிலேயே அவருடைய உழைப்பின் பெரும்பகுதி கழிந்தது. ஆயினும் இன்று கௌசிகனை நினைப்போர் சிலரே. வாண்டுமாமாவை நினைப்போர் பலர். அன்று அவரைப் படித்த சிறுவர்கள் நரை தோன்றிய பின்னும் பழைய புத்தகக் கடைகளில் பூந்தளிர் இதழைத் தேடுகின்றனர். பரிசு தர இயலாத வாசகன் குழந்தை. ஆனால் அவன் வைத்திருக்கும் நினைவு நெடிது.

கடல் கடந்த நாட்டிலும் இத்தகைய வாழ்வொன்றைக் காண்கிறோம். டென்மார்க்கு நாட்டின் ஓடென்சு நகரில் 1805ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் பிறந்தவர் ஆன்சு கிறித்தியன் ஆண்டர்சன். தந்தை செருப்புத் தைப்பவர். தாய் துணி வெளுப்பவர். பதினொரு வயதில் தந்தையை இழந்தார். பதினான்கு வயதில் தனியராய்த் தலைநகர் கோபன்கேகனுக்குச் சென்று நாடக மேடையில் இடம் தேடினார், நிலைக்கவில்லை. ஒருவர் இரங்கி உதவ, தம்மினும் பல ஆண்டு இளைய சிறுவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து கல்வி கற்றார். நாடகத்தாலும் புதினத்தாலும் புகழ்பெற விழைந்த அவர், 1835இல் சிறுவர் கதைகள் அடங்கிய சிறு நூல் ஒன்றையும் வெளியிட்டார். அதனை அவரே பெரிதாக எண்ணவில்லை. இன்று அவருடைய நாடகங்களை உலகம் மறந்துவிட்டது, கதைகளை மறக்கவில்லை. அவர் பிறந்த நாளே இன்று உலகச் சிறுவர் நூல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இவ்வூரில் நின்று பேசும்போது, ஆண்டர்சன் 1845இல் வெளியிட்ட கதை ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அது பீங்கான் பொம்மைகளின் கதை. ஒரு மேசைமேல் இடைச்சி ஒருத்தியும் புகைபோக்கி துடைக்கும் இளைஞன் ஒருவனும் அருகருகே நிற்கின்றனர். எவர் எது கேட்டாலும் தலையசைக்கும் கிழவர் பொம்மை ஒன்று, அவளை வேறொருவனுக்கு மணமுடிக்கத் தலையசைத்துவிடுகிறது. இருவரும் புகைபோக்கி வழியே ஏறி ஓடுகின்றனர். கூரைமேல் நின்று உலகின் பரப்பைக் கண்ட இடைச்சி அஞ்சி அழ, இருவரும் திரும்பி வருகின்றனர். அதற்குள் கிழவர் கீழே விழுந்து உடைந்துபோயிருக்கிறார். வீட்டார் அவரை ஒட்டி, கழுத்தில் ஆணி இறுக்கி நிறுத்துகின்றனர். அதன்பின் அவரால் தலையசைக்க இயலவில்லை, இளையோர் பிழைத்தனர்.

விருத்தாசலத்துச் சூளைகளிலிருந்து பொம்மைகளும் அகல் விளக்குகளும் நாள்தோறும் வெளியூர் செல்கின்றன. குழம்பாகக் கரைத்த மண்ணை அச்சில் வார்ப்பது, ஈரம் உலர்த்துவது, மெருகு பூசுவது, கொதிக்கும் சூளையில் சுடுவது ஆகிய அனைத்தையும் இவ்வூர்க் கைகள் அறியும். நாம் எண்ணிக்கையிட்டு அட்டைப் பெட்டியில் அடுக்கும் அப்பொருளுக்குள் ஓர் அச்சமும் ஓர் அன்பும் இருக்கக்கூடும் என்று ஒருவர் எண்ணிப் பார்த்தார். கதையாசிரியரின் தொழில் இதுவே: பிறர் பொருளாகக் காண்பதை அவர் உயிராகக் காண்கிறார்.

பெருமக்களே, உயிரை உயிராகக் காண்பது நமக்குப் புதிய பாடமன்று. நம் அறத்தின் வேரே அதுதான். கொல்லாதே என்று விதி சொல்லும், குழந்தை கேட்டுக்கொள்ளும். குளிரில் நடுங்கும் வாத்துக் குஞ்சின் கதையைக் கேட்ட குழந்தையோ, சிறிது நேரம் தானே அக்குஞ்சாகி நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை ஒருமுறை உணர்ந்த கை எளிதில் கல்லெடுக்காது. கதிரவன் மறைந்தபின் ஏன் உண்ணக் கூடாது என்று பேரன் கேட்டால், 'அது நம் வழக்கம்' என்று கூறி முடிப்பது ஒரு விடை. விளக்கொளியை நாடிவந்து உணவில் வீழும் சிற்றுயிரின் கதையைக் கூறுவது மற்றொரு விடை. முதல் விடையை அவன் வெளியூர் விடுதிக்குச் சென்றதும் மறப்பான். இரண்டாவது அவனோடு செல்லும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பொய்யாமையை நோன்பாகக் கொண்டவர்கள் நாம். பேசும் நரியும் அழும் பொம்மையும் பொய்யல்லவா? பொய் என்பது கேட்பவரை நம்பவைத்து ஏமாற்றுவது. கதையோ, 'ஒரே ஒரு ஊரிலே' என்று தொடங்கும்போதே தான் கதை என்பதை அறிவித்துவிடுகிறது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே அங்கு மறைவு இல்லை. பிறருக்குத் தீங்கு விளைக்காத சொல்லையே வள்ளுவர் வாய்மை என வரையறுத்தார். அவ்வகையில் நல்ல கதை வாய்மையின் பக்கமே நிற்கிறது.

இதற்கு நம் மரபே சான்று. திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியைப் பாட ஆசிரியரின் இசைவை வேண்டியபோது, அங்கே ஓடிய நரி ஒன்றைச் சுட்டி, முதலில் அதைப் பற்றிப் பாடுக என்று ஆசிரியர் பணித்ததாகச் செவிவழிச் செய்தி உண்டு. அவ்வாறு பிறந்தது நரிவிருத்தம். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றைப் படைத்த பெரும்புலவர், ஒரு விலங்குக் கதையின் வாயிலாகவே அப்பெரும்பணிக்குள் நுழைந்தார்.

அந்த நரியின் கதையை நீங்கள் அறிவீர்கள். காட்டில் யானையும் வேடனும் பாம்பும் ஒருங்கே மாண்டு கிடக்கக் கண்ட நரி கணக்கிடத் தொடங்குகிறது. யானை ஆறு மாதத்திற்கு ஆகும். வேடன் மூன்று நாளைக்கு ஆவான். பாம்பு ஒரு நாளைக்கு ஆகும். இவற்றைச் சேமித்து வைத்து, இன்றைக்கு வில்லின் நாணைத் தின்போம் என்று அதைக் கடிக்கிறது. நாண் அறுகிறது, நிமிர்ந்த வில் தாக்கி நரி இறக்கிறது. உணவு இருக்கும் நாட்களை அது பிழையின்றி எண்ணியது. தான் இருக்கும் நாட்களை எண்ணவில்லை.

வாழ்வைப் பொருளுடையதாக்குவது எது என்னும் வினாவிற்கு இக்கதையினும் சுருக்கமான விடையை நான் அறியேன். வீடு, நிலம், வைப்புத்தொகை, பிள்ளைகளின் ஊதியம் ஆகியவற்றை நாமும் எண்ணுகிறோம். இல்லறத்தார்க்கு அவை வேண்டுவனவே. நான் அவற்றைப் பழிக்கவில்லை. ஆனால் அவை யாவும் எத்தனை நாள் உண்ணலாம் என்னும் கணக்கு. எதற்காக வாழ்ந்தோம் என்பது வேறு கணக்கு. வாண்டுமாமா அந்த இரண்டாம் கணக்கில் செல்வர். கைம்மாறு செய்ய இயலாதவர்க்குக் கொடுத்தார். சிறியதெனப் பிறர் கருதிய பணியைச் சிறிதும் குறைவின்றிச் செய்தார். தாம் கண்டறியாத வீடுகளில், தாம் பெயரறியாத பிள்ளைகளின் உள்ளத்தில் சிறிது துணிவையும் இரக்கத்தையும் விட்டுச் சென்றார்.

இவ்வேளையில் என் கவலையையும் உங்கள் முன் வைக்கிறேன். திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு, ஆரணிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து நம் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. திண்ணையும் இல்லை, அதில் அமர்ந்து ஸ்ரீபுராணக் கதைகளைச் சொன்ன பாட்டிமாரும் குறைந்துவருகின்றனர். நம் பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுகின்றனர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்குகின்றனர். ஏட்டில் உள்ள நூலைப் பின்னொரு காலத்திலும் அச்சிடலாம். பாட்டியின் நாவில் உள்ள கதை அவர் மறையும் நாளில் மறைந்துவிடும். அதை மீட்க எந்த நூலகத்தாலும் இயலாது.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும், இல்லத்தில் மூத்தவர் ஒருவரை அமரவைத்து, அவர் சிறுவயதில் கேட்ட கதை ஒன்றைச் சொல்லச் செய்யுங்கள். அவர் சொல்லும் சொல்லிலேயே, திருத்தாமல் எழுதிவையுங்கள். எழுத நேரமில்லையெனில் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இரவு உறங்குமுன் பத்து நிமிடம் அதனைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மலரில், இல்லந்தோறும் கிடைத்த கதைகளுக்கெனச் சில பக்கங்களை ஒதுக்குமாறு அறங்காவலர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா, புலமையும் வேண்டா. நம்மிடம் இருக்கும் நாட்களுள் ஒன்றின் பத்து நிமிடம் போதும்.